காலுக்கேற்ற செருப்பு வாங்குவது எப்படி?

சரக்குப் பார்த்து வாங்குவதை நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும், குத்தூசி போட்டு ஒரு பிடி அரிசியை எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். 50 கிலோ என்று எழுதியிருந்தாலும் ஒரு மூட்டையையாவது தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறோம். அதே நாம் செருப்புக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? "ஏழாம் நம்பர் எடுங்க" என்கிறோம். காலை நுழைத்து இரண்டு எட்டு வைத்துப் பார்க்கிறோம். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இதன் பலனை அனுபவிப்பது நம் கால்கள்தான். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பூட்டுகிறோம். அதில் பெரும்பகுதி நேரம் நின்றபடியே போகிறது. சுண்டுவிரலில் ஆணி, பெருவிரல் மூட்டில் புடைப்பு, குதிகாலில் வலி, மாலையில் கால் வீக்கம் என்று நம்மில் பலருக்கும் ஏதாவது ஒன்று உண்டு. "வயசாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்துக் காலத்தை ஓட்டுகிறோம். எல்லா வலிக்கும் செருப்பே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலுக்குப் பொருந்தாத செருப்பால் வரும் வலியைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செருப்பின் மேல் உள்ள எண், மூட்டையின் மேல் உள்ள எழுத்தைப் போன்றதுதான். அளந்து பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

எண் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் ஆறு, ஏழு, எட்டு என்று சொல்கிறோமே, அது இங்கிலாந்து முறை. அதன் அடிப்படை ஒரு தானியம் என்றால் மளிகைக்காரர்களான நமக்கு வியப்பாக இருக்கும். பழைய இங்கிலாந்தில் மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. காலணி அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கான எண்கள் 4 அங்குலத்தில் பூஜ்யம் என்று தொடங்கி 13 வரை போகும். அதற்குப் பிறகு பெரியவர்களுக்கு மீண்டும் 1 என்று தொடங்கும். ஆகவேதான் பெரியவர் ஒருவருக்கு 7 என்றும், பள்ளிச் சிறுவனுக்கு 12 என்றும் வருகிறது.

பெட்டியின் மேல் 40, 41, 42 என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது ஐரோப்பியக் கண்டத்து முறை. அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்க எண் வேறு. ஆண்கள் ஷூவில் அது பெரும்பாலும் நம் எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். அமெரிக்க எண் 8 என்று போட்ட ஷூவை நம் எட்டாம் நம்பர் என்று நினைத்து வாங்கினால் அது நமக்குச் சிறியதாகிவிடும்.

இந்த எண்கள் நம் காலின் நீளத்தைக் குறிப்பவை அல்ல என்பதும் முக்கியம். காலணி செய்யும் இடங்களில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ கால் வடிவத்தில் ஓர் அச்சு வைத்திருப்பார்கள். அதை 'லாஸ்ட்' என்பார்கள். அந்த அச்சின் மேல்தான் தோலை இழுத்து ஷூ செய்கிறார்கள். இங்கிலாந்து எண்ணும் ஐரோப்பிய எண்ணும் அந்த அச்சின் நீளத்தைச் சொல்பவை. விரல்கள் அசைய இடம் வேண்டும் என்பதால் அச்சு காலைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு கம்பெனியின் ஏழு நமக்குச் சரியாக இருந்து, இன்னொரு கம்பெனியின் ஏழு கடிப்பதற்கு இது ஒரு காரணம். அச்சின் அகலமும் முனையின் வடிவமும் மாறுவது இன்னொரு காரணம்.

ஒரு கடைக்காரர் மகன் செய்த கருவி

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வழி கண்டவர் ஒரு வியாபாரியின் மகன் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்தவரின் மகன் சார்லஸ் பிரானக். அந்நாளில் அங்கே கால் அளக்க ஒரு மரக்கட்டை அளவுகோல் மட்டுமே இருந்தது. அது போதாது என்று கண்ட பிரானக், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளைக் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். 1920களில் உருவான அந்தக் கருவிக்கு 1928ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பூட்ஸ் அளக்கவும் அது பயன்பட்டது. இன்றும் பெரிய ஷூக் கடைகளில் வழுவழுப்பான உலோகத் தட்டாக அதைப் பார்க்கலாம்.

அந்தக் கருவி மூன்று அளவுகளை எடுக்கிறது. ஒன்று, குதிகால் முதல் நீண்ட விரலின் நுனி வரை உள்ள நீளம். இரண்டு, குதிகால் முதல் பெருவிரலின் அடி மூட்டு வரை உள்ள நீளம். மூன்று, பாதத்தின் அகலம். நாம் நடக்கும்போது பாதம் மடங்குவது அந்த அடி மூட்டில்தான். ஷூவும் அதே இடத்தில் மடங்க வேண்டும். விரல் குட்டையாகவும் பாதம் நீளமாகவும் உள்ளவர் விரல் நுனியை மட்டும் பார்த்து வாங்கினால், ஷூ ஓரிடத்தில் மடங்கும், கால் ஓரிடத்தில் மடங்கும். ஆகவே முதல் இரண்டு அளவுகளும் வேறுபட்டால் பெரிய அளவைக் காட்டுவதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கருவியின் விதி.

வீட்டிலேயே அளக்கலாம்

கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் கடையில் உள்ள பழுப்புத் தாள், ஒரு பேனா, ஓர் அளவுகோல் போதும்.

1. மாலையில் அளக்க வேண்டும். பகலெல்லாம் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் பிடிப்பதற்கு இதுவே காரணம். நாம் செருப்பு வாங்கப் போவதும் மாலையில்தான் இருக்க வேண்டும்.

2. நின்றபடி அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது உள்ள அளவு வேறு, உடல் எடை முழுவதும் இறங்கும்போது உள்ள அளவு வேறு. எடை இறங்கினால் பாதம் நீளும், அகலும்.

3. தாளைச் சுவரை ஒட்டித் தரையில் விரித்து, குதிகால் சுவரில் படும்படி நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய் அளவு குறைந்துவிடும். நாமே குனிந்து போட்டால் எடை மாறும். வீட்டில் வேறு ஒருவரைப் போடச் சொல்வது நல்லது.

4. சுவர் முதல் நீண்ட விரல் நுனி வரை அளக்க வேண்டும். நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரலே நீளம். பிறகு, பாதம் மிக அகலமாக உள்ள இடத்தில் குறுக்கே அளக்க வேண்டும்.

5. இரண்டு காலையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். சிறிய காலுக்கு உள்ளே ஒரு மெத்தை வைத்துச் சரி செய்துகொள்ளலாம். பெரிய காலைச் சிறிய ஷூவுக்குள் அடைக்க வழியில்லை.

ஒருவருக்கு இடது கால் 25.5 சென்டிமீட்டர், வலது கால் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 26ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் வேண்டும். அதைவிடச் சற்றுக் குறைவாக 1.1 சென்டிமீட்டர் என்று வைத்தால்கூட மொத்தம் 27.1 ஆகிறது. இங்கிலாந்து முறையில் இது எண் 7, ஐரோப்பிய முறையில் 41. இதே கணக்கில் கால் நீளம் 24.3 என்றால் 5, 25.1 என்றால் 6, 26.8 என்றால் 8, 27.7 என்றால் 9, 28.5 என்றால் 10 என்று வரும். இது தோராயமான கணக்கு. கடையில் எந்த எண்ணிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குவது என்பதற்கு மட்டும் இது உதவும். முடிவு செய்ய வேண்டியது கால்தான்.

ஒரே நீளம், வேறு வேறு வடிவம்

ஒரே 26 சென்டிமீட்டர் நீளமுள்ள இருவரின் பாதங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்கு ஒடுங்கிய பாதம், இன்னொருவருக்கு விசிறிபோல் விரிந்த பாதம். சிறுவயது முதல் வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் நடந்த நம் பக்கத்து மக்களுக்கு அகலமான பாதம் சகஜம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்மவர் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்தது. அதையொட்டி 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்றே ஓர் அளவு முறையும் முன்மொழியப்பட்டது. வெளிநாட்டு அச்சில் செய்த ஷூ நம் சுண்டுவிரலைக் கடிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இங்கேதான் நாம் ஒரு தவறு செய்கிறோம். அகலத்தில் பிடிக்கிறது என்றால் ஒரு எண் கூட்டி வாங்குகிறோம். எட்டாம் எண்ணில் அகலம் சற்றுக் கூடும், உண்மைதான். ஆனால் நீளமும் கூடிவிடும். குதிகால் பின்னால் வழுக்கும், முனை முன்னால் நீளும், படியேறும்போது தடுக்கும். வழுக்காமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடப்போம். இதனால் வேறு வலி வரும். சரியான வழி, அதே எண்ணில் அகலம் கூடிய ஷூவைக் கேட்பது. சில கம்பெனிகள் எண்ணை அடுத்து ஈ, 2ஈ, 4ஈ என்று எழுத்துப் போடுகின்றன. ஈ கூடக் கூட அகலம் கூடும். அந்தக் குறி இல்லையென்றால் முனை அகன்ற மாடலைக் கேட்கலாம்.

விரல்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். பெருவிரல் நீண்டு மற்றவை வரிசையாகச் சரிந்து வந்தால் சற்றுக் குவிந்த முனை பொருந்தும். முதல் மூன்று விரல்களும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் சதுர முனைதான் வேண்டும். இரண்டாம் விரல் நீண்டவர்கள் முனையில் உயரமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த விரல் மடங்கி, அதன் மேல் ஆணி வரும்.

அடுத்து புறங்காலின் உயரம். புறங்கால் உயர்ந்தவர்களுக்கு நாடா இல்லாத ஷூ மேலே அழுத்தும். நாடா வைத்த ஷூவில் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம். முன்பாதம் அகன்று குதிகால் ஒடுங்கியவர்களுக்கும் நாடாவோ பின்வார் பக்கிளோ உள்ளதுதான் நல்லது.

உள்ளங்கால் குழிவை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் மிதித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய பட்டைபோல் மட்டும் ஈரம் படிந்தால் குழிவு அதிகம். பாதம் முழுவதும் படிந்தால் தட்டைப் பாதம். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு உள்பக்கம் தாங்கல் உள்ள, எளிதில் முறுக்க முடியாத அடிப்பாகம் ஏற்றது. குழிவு அதிகம் உள்ளவர்களுக்கு மெத்தென்ற அடிப்பாகம் ஏற்றது. வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு வைத்தியம் ஏதும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

போடுவதற்கு முன்பே ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல் மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அது காலைத் தாங்காது. பின்பக்கக் குதிகால் கூட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே உள்ளே அமுங்கக் கூடாது. உள்ளே கைவிட்டுத் தையல் முடிச்சு, ஆணி முனை ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

பழுப்புத் தாளில் போட்ட கால் வடிவத்தைக் கோட்டின்மேல் வெட்டி எடுத்துக்கொண்டு போவது மிகவும் நல்லது. அதை ஷூவுக்குள் விட்டுப் பாருங்கள். ஓரம் மடங்கிச் சுருண்டால் அந்த ஷூ நமக்கு ஒடுக்கம். உள்மெத்தையைக் கழற்ற முடிகிற ஷூவாக இருந்தால், அதை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களில் வழிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

பிறகு இரண்டு காலிலும் போட்டு, நாடா கட்டி, எழுந்து நில்லுங்கள். எந்தக் காலுறையோடு போடப் போகிறோமோ அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். நடக்கும்போது குதிகால் சற்றே அசையலாம், கழன்று மேலே வரக் கூடாது. கடையில் கம்பளம் விரித்திருந்தால் அதைவிட்டு இறங்கிக் கல் தரையில் நான்கைந்து நிமிடம் நடந்து பாருங்கள். நாம் நிற்கப் போவது சிமெண்டுத் தரையில்தான்.

"போடப் போட விட்டுக் கொடுத்துவிடும்" என்று விற்பனையாளர் சொல்வார். இதில் பாதி உண்மை உண்டு. தோல் ஷூ அகலத்தில் சிறிது தளரும். நீளத்தில் தளராது. ரெக்சின், பிளாஸ்டிக் வகைகள் தோல்போல் தளர்வதில்லை. முதல் நாளே விரல் நுனி இடித்தால் அது எப்போதும் இடிக்கும். வாங்கிய பிறகும் வீட்டுக்குள் பாய் மேல் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பார்த்துவிட்டு வெளியே போடுவது நல்லது. அழுக்குப் படாமல் இருந்தால் மாற்றிக் கேட்கலாம்.

நம்மில் பலரும் ஷூ போடுவதில்லை, செருப்புத்தான். செருப்புக்கும் இதே அளவு முறைதான். குதிகாலோ விரலோ அட்டைக்கு வெளியே தொங்கக் கூடாது. சுற்றிலும் சிறிது இடம் தெரிய வேண்டும். வார் புறங்காலில் பதிந்து தடம் விழக் கூடாது. தளர்ந்தும் இருக்கக் கூடாது. நாள் முழுதும் நிற்பவர்களுக்குப் பின்வார் உள்ள செருப்பு மேல். எண்ணெய் சிந்தும் கடைகளில் அடி தேய்ந்து வழுவழுப்பான செருப்பைப் போட்டுக்கொள்வது ஆபத்து. குடோனில் மூட்டை இறக்குபவர்களுக்கு விரல் மூடிய ஷூதான் பாதுகாப்பு.

பழைய செருப்பைத் தூக்கி எறிவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எந்த விரலின் தடம் ஆழமாக இருக்கிறது என்பது, எந்த இடத்தில் நம் எடை இறங்குகிறது என்று காட்டிவிடும். புதியது வாங்கும்போது அந்த இடத்தைக் கவனித்து வாங்கலாம்.

கடைக்குள் வெறுங்கால்

கடை லட்சுமி குடியிருக்கும் இடம் என்று செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கல்லாவில் நிற்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை விடச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வெறும் சிமெண்டுத் தரையில் பத்து மணி நேரம் நிற்பது குதிகாலுக்கு நல்லதல்ல. நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாயோ, நான்காக மடித்த சாக்கோ விரித்துக்கொள்ளலாம். தெருவில் மிதிக்காத, கடைக்குள் மட்டும் போடும் சுத்தமான ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். உயரம் குறைந்த பலகை ஒன்றைக் கல்லாவுக்குக் கீழே போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்து நின்றால் இடுப்புக்கும் ஓய்வு கிடைக்கும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் சுரீர் என்று குத்தினால், அதை இழுத்துக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023ல் தெரிவித்தது. நம் வியாபாரிகளிடையேயும் இது பரவலாகவே இருக்கிறது. சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். செருப்புக் கடித்தாலும், ஆணி குத்தினாலும் தெரியாது. சிறிய கொப்புளம் புண்ணாகி, புண் புரையோடி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். விரல்கள் அந்த நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டது தெரியாமலே புண்ணாகி அழிகின்றன என்று அவர் காட்டினார். அவர்களுக்கு ஏற்ற செருப்புகளையும் வேலூரில் செய்யத் தொடங்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவச் சாதனக் கடைகளில் விற்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு வாங்குவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. சரியான அளவுள்ள ஷூ அவர்களுக்குத் தளர்வாக இருப்பதுபோல் தோன்றும். இறுக்கமானதைப் போட்டால்தான் காலில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். ஆகவே தங்களை அறியாமலே சிறியதை வாங்கிவிடுவார்கள். "போட்டால் நன்றாக இருக்கிறது" என்பதை இவர்கள் நம்பவே கூடாது. தாளில் வெட்டிய கால் வடிவத்தைத்தான் நம்ப வேண்டும். கடைக்குள்ளும் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. போடுமுன் செருப்பை உதறிவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். புதிய செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிப் பாதம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு கடை மூடியதும் கல்லாக் கணக்குப் பார்ப்பதுபோல், உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். புண் கண்டால் கைவைத்தியம் செய்யாமல் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளின் ஸ்கேட்டிங் ஷூ

நம் பிள்ளைகள் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறார்கள். நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட் வாங்கித் தரும்போதும் அளவுப் பிரச்சினை வருகிறது. "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு எண் கூட்டி வாங்குவது இதில் கூடவே கூடாது. ஸ்கேட்டின் கூடு கெட்டியானது. உள்ளே கால் ஆடினால் கணுக்கால் சாய்ந்து விழ நேரும், குதிகாலில் கொப்புளமும் வரும். போட்டதும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் பதிய வைத்து, நாடா கட்டி, நிற்கச் சொல்லுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முனையை லேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. ஸ்கேட்டின் எண் அன்றாட ஷூவின் எண்ணாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஹாக்கி ஆடுவதற்கான ஸ்கேட்டில் பெரும்பாலும் ஷூ எண்ணைவிடக் குறைந்த எண்ணே பொருந்தும். கம்பெனியின் அட்டவணையில் மில்லிமீட்டர் அளவு இருந்தால் அதையே பார்த்து வாங்க வேண்டும். சிறுவர்களுக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்கேட்டும் கிடைக்கிறது.

ஊழியர்களின் கால்

கடைசியாக, நம்மோடு நிற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் 2018ல் கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காரும்படி தகுந்த இருக்கைகள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆளுக்கொரு ஸ்டூல் போடுவது பெரிய செலவில்லை. சட்டத்துக்காக மட்டும் இல்லாமல், வேலை நன்றாக நடப்பதற்காகவும் செய்ய வேண்டியது இது. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தரும்போது, கால் அளவெடுத்து ஒரு ஜோடி நல்ல செருப்பும் வாங்கித் தரலாம். கால் வலிக்கிற பையன் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச முடியாது.

அடுத்த முறை செருப்புக் கடைக்குக் கிளம்புமுன், கடையில் உள்ள பழுப்புத் தாளில் ஒன்றைக் கிழித்துச் சுவரோரம் விரித்து, மாலையில் நின்றபடி இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வரைந்து, பெயரும் தேதியும் எழுதிக் கணக்குப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வரைந்த தாளில் பழைய செருப்பை வைத்துப் பார்த்தால், இத்தனை நாள் எந்த விரல் எங்கே நெருக்குண்டு கிடந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும்.